மூக்கிலா, நாக்கிலா, வயிற்றிலா

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழைகளையும்தான். எந்த ‘ர’ வரும் என்று நின்று யோசித்தால் சொல்ல வந்தது போய்விடுகிறது. அதனால் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறேன். கருவாட்டுப் பெட்டிகளின் மேல் மாக்கர்ப் பேனையால் மீனின் பெயரையும் திகதியையும் எழுதிப் பழகிய கை இது. எழுத்து பெரிதாக வரும், வரி போகப்போகக் கீழே சரியும். ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது என்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் உட்கார வெட்கமாக இருந்தது. கடலுக்குப் போய்விட்டேன்.

ஒரு ரீச்சர் என்னிடம் ஒரு பட்டியல் கேட்டார். கெட்ட மணங்களுக்கு நாங்கள் பாவிக்கிற சொற்களை எழுதித் தரும்படி சொன்னார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும், அவர் ஏன் கேட்டார் என்பதையும் சொன்னால்தான் அது விளங்கும் என்று பட்டது.

முதுகு நோ வந்த பிறகு கடல் வேலையை விட்டுவிட்டேன். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயிலிருந்து காலை பஸ் எடுத்து மன்னாருக்கு வந்து, பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கருவாட்டுக் கடையில் தரம் பிரிக்கிறேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நானா என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார். கடையில் நான் கதைப்பது குறைவு. ஆட்கள் வந்தால் கருவாட்டுக் குவியலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வேன். நானாவுக்கு அதில் பிரச்சினை இல்லை. அவருக்கு வேண்டியது என் மூக்கு.

ஒரு மீனுக்கு ஒரு மூச்சு. நடுமுள்ளோரம் பெருவிரலால் அழுத்தி, வயிற்று மடலை விரித்து, ஒருமுறை உள்ளே இழுப்பேன். இருபது மீனுக்குப் பிறகு மூக்கு மரத்துப்போகும். அப்போது என் முழங்கை மடிப்பை மணந்து பார்ப்பேன். சொந்த வியர்வையை மணந்தால் மூக்கு திரும்ப வேலைக்கு வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நாறுகிறது என்று ஒரே சொல்லில் சொன்னால் எங்கள் வேலை நடக்காது. பச்சை மீனுக்கு உள்ள வெடுக்கு வேறு, அது பிழையல்ல. வெயில் காணாமல் மூடிவைத்ததால் வருவது புழுங்கல் மணம். கொழுப்புள்ள மீன் கனநாள் கிடந்தால் வருவது காறல். பூஞ்சணம் என்றால் வெள்ளை படியும் முன்னரே ஈரச் சுவர் போல மணக்கும். அழுகலுக்கு விளக்கம் தேவையில்லை. பிறகு புளிச்ச மணம், சேற்று மணம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம், ஒவ்வொரு மருந்து. புழுங்கலை வெயிலில் போட்டால் போய்விடும். காறலை ஒன்றும் செய்ய முடியாது. சொல்லைப் பிழையாகச் சொன்னால் நல்ல மீனை எறிவோம், கெட்ட மீனைக் கட்டுவோம்.

என் மனைவி வீட்டில் கட்டா மீன் வெட்டி, உப்பிட்டுக் காயவைப்பாள். கட்டாக் கருவாட்டுக்கு வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களிடம் நல்ல கேள்வி இருக்கிறது, கேட்டுக் கேட்டு வாங்குவார்கள். நானாவுக்கு ஏழெட்டு வீடுகளிலிருந்து கருவாடு வரும். எந்த வீட்டுக் கருவாடு என்று தெரிவதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நூல் நிறம். எங்கள் வீட்டுக்கு நீலம். மனைவி வெட்டினால் பித்து உடையாது. கட்டாவின் பித்துப்பை உடைந்தால் வயிற்றுச் சதை பச்சை படிந்து கசந்துவிடும், கழுவினாலும் போகாது. வேறு வீட்டுக் கருவாட்டில் எப்போதாவது அந்தப் பச்சையைக் கண்டிருக்கிறேன். நீல நூல் கட்டில் ஒருநாளும் கண்டதில்லை. அவளுக்கு அதில் பெரிய பெருமை. கத்தியை யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டாள்.

போன வருடம் ஆவணி கடைசியில் ஒருநாள் காலையில் நானா போனைப் பிடித்தபடி வந்தார். நீல நூல் கட்டுகள் லண்டனில் ஒரு தமிழ்க் கடைக்குப் போயிருந்தன. அங்கே வாங்கிய ஒருவர் ஒரு செய்தி எழுதி, கடைக்காரர் அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை ஒன்றாக இருக்கும். முழுக்க இங்கிலீஷ். நாலு வரி.

“என்ன நானா எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

நானா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படித்தார். அவருக்குப் பெட்டியில் உள்ள இங்கிலீஷ் தெரியும், கோபத்தில் உள்ள இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது.

“என்னத்தைச் சொல்ல? மீன் சரியில்ல, கூடாது, கூடாது, கூடாது. ஒரே சொல்ல ஏழு விதமா எழுதிக் கிடக்கு. நாறிப்போச்சுதாம் போல.”

“நான் மணந்து பாத்துத்தானே நானா கட்டினனான்.”

“நீ மணந்தாய் தம்பி. ஆனா அவங்கட மூக்கு லண்டன் மூக்கு. இல்லாட்டி உன்ட மனுசி பித்தை உடைச்சிருப்பா. எல்லாருக்கும் ஒருநாள் கை தவறும்.”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “கொஞ்ச நாளைக்கு உங்கட வீட்டுக் கட்டா வேணாம். நீ வேலைக்கு வா, அது வேற. அந்தக் கடைக்காரன் நீல நூலை அனுப்பாதே எண்டுட்டான்.”

நான் தலையாட்டினேன். 

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவள் மீன் செதிள் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“நான் பித்து உடைச்சனானாம்?”

“அப்பிடிச் சொல்லேல்லை. உடைச்சிருக்கலாம் எண்டு…”

“ஆர் சொன்னது? எழுதினவரோ, உங்கட நானாவோ?”

“நானா.”

“எழுதினவர் என்ன எழுதினவர்?”

“கூடாது எண்டு.”

“கூடாது எண்டால் என்ன இஞ்சாருங்கோ? உப்புக் கூடவோ? நாத்தமோ? புழுவோ? டொக்டரிட்டப் போய் எனக்குக் கூடாது எண்டு சொன்னா அவர் மருந்து தருவாரோ? எங்க நோகுது எண்டு கேக்கமாட்டாரோ? நீங்கள் வடிவாக் கேட்டனீங்களோ?”

நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும். அவள் மீதி மீனைச் சீவி முடித்து, கத்தியைக் கழுவித் துடைத்து அலுமாரிக்கு மேலே வைத்தாள். அது வழக்கமாக வைக்கிற இடம் அல்ல. அன்றிலிருந்து அவள் கட்டா வெட்டவில்லை. யாராவது கேட்டால், “எனக்குக் கை தவறுதாம், ஆக்கள் லண்டனில இருந்து எழுதியிருக்கினம்” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு என்னால் வீட்டில் இருக்க முடியாது.

அடுத்த நாள் நானாவிடம் போனைக் கேட்டேன்.

“என்னத்துக்கு?”

“அந்தச் செய்தியை எழுதி எடுக்க.”

“எழுதி என்ன செய்யப் போறாய்? மனப்பாடம் பண்ணி எனக்கே திட்டவோ?” என்று சொன்னாலும் போனைத் தந்தார்.

பெட்டி மட்டை ஒன்றைக் கிழித்து, படத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன். வலைக் கட்டுகளிலும் பெட்டிகளிலும் பார்த்து எழுத்துகள் தெரியும். கூட்டி வாசிக்கத்தான் தெரியாது. நாலு வரிக்கு அரை மணித்தியாலம் போனது. எழுதும்போதே அந்தச் சொற்களில் எனக்கு ஆசை வந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. எங்கள் மீனைத் திட்டிய சொற்கள்தான். ஆனால் நானா சொன்னது எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. ஏழு சொற்களுக்கும் ஒரே கருத்து என்றால் ஏன் ஏழு வைத்திருக்கிறார்கள்? எங்களுக்குக் காறலும் புழுங்கலும் ஒன்றா? அவர்களுக்கும் ஏதோ ஒரு தரம் பிரிப்பு இருக்கத்தானே வேண்டும்.

ரீச்சர் வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு வருவார். மன்னார்த் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறார். வீடு உயிலங்குளத்தில். மன்னாரில் பஸ் மாற வேண்டும். அதுவரை எங்கள் கடை வாசல் கதிரையில் உட்கார்ந்து கொப்பிகள் திருத்துவார், போகும்போது கருவாடு வாங்குவார். முப்பது வயதிருக்கும். அதுவரை அவரோடு நான் கதைத்தது “காக்கிலோவோ ரீச்சர், அரைக்கிலோவோ?” என்பது மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டையைச் சேர்ட்டுக்குள் வைத்திருந்தேன். அவர் வந்து உட்கார்ந்து பத்துப் பதினைந்து கொப்பி திருத்தும்வரை எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அரைக்கிலோ நெத்தலியைச் சுற்றிக் கொடுக்கும்போது மட்டையையும் சேர்த்து நீட்டிவிட்டேன்.

“இதென்ன அண்ணை?”

“எங்கட கருவாட்டைப் பற்றி எழுதியிருக்கு. என்னெண்டு விளங்கேல்லை.”

ரீச்சர் வாசித்தார். முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

“நல்லாத் திட்டியிருக்கினம் அண்ணை. இதில முக்கால்வாசி நான் இந்தக் கிழமை பிள்ளையளுக்குக் குடுத்த சொல்லு. வெறுப்பு, அருவருப்பு, கசப்பு, இதுகளைச் சொல்லுற ஒத்தகருத்துச் சொல்லுகள். பாருங்கோ.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மேலிருந்து கீழே ஒரு முழப் பட்டியல்.

“இவ்வளவுமோ?”

“இதுக்கு மேலயும் இருக்கு.”

“எல்லாம் ஒண்டுதானோ ரீச்சர்?”

“கிட்டத்தட்ட ஒண்டுதான். பரீட்சைக்கு அது போதும்.”

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். இப்போதும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. “இல்லை ரீச்சர், இது மூக்கில வாறதோ, நாக்கில வாறதோ, வயித்தில வாறதோ?”

அவர் சிவப்புப் பேனையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்பிடி நான் யோசிச்சதே இல்லை,” என்றார். போனை எடுத்தார். மட்டையில் ஏழு சொற்களுக்குக் கீழே கோடு போட்டார்.

முதலாவது டிஸ்கஸ்ரிங். “இது பாருங்கோ, முந்தி நாக்கில இருந்த சொல்லாம். ருசி பிடிக்காமல் வாறது. இப்ப எல்லாத்துக்கும் பாவிக்கினம்.”

“அப்ப இடம் மாறி வந்த சொல்லு.”

“ஓம், ஓம். அடுத்தது றிவோல்ரிங். இது முகத்தை அங்கால திருப்பிறதில இருந்து வந்தது.”

“கழுத்து,” என்றேன். அவர் மட்டையில் ‘கழுத்து’ என்று எழுதினார்.

சிக்கனிங் வயிறு என்று அவருக்கே தெரிந்திருந்தது, ஓங்காளம் வருகிற மாதிரி. ஹொறிபிள் என்பது மயிர் சிலிர்ப்பதில் இருந்து வந்ததாம். அது தோல். ஓஃபுல் என்ற சொல் முந்திப் பெரிய பயத்தைக் குறித்ததாம்.

“கருவாட்டைக் கண்டு பயந்திருக்கோ அந்தப் பிள்ளை?” என்று நானா உள்ளேயிருந்து கேட்டார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “நாங்க இஞ்ச ஆமியையும் நேவியையும் கண்டு பயப்படாம இருந்தம், அவங்கள் லண்டனில கட்டாவைக் கண்டு பயப்படுறாங்கள்.”

வைல் என்ற சொல்லைத் தேடிய ரீச்சருக்குச் சிரிப்பு வந்தது. மலிவானது, தரம் குறைந்தது என்பதில் இருந்து வந்ததாம். “அது எங்கட சொல்லு, ரீச்சர். மூண்டாம் தரம்,” என்றேன். அன்றைக்கு நான் கதைத்த அளவு அந்தக் கடையில் ஒரு மாதத்திலும் கதைத்திருக்கமாட்டேன்.

கடைசிச் சொல் பிற்றர்.

“இது கசப்பு. கடிக்கிறது எண்ட சொல்லோட சேர்ந்ததாம். நாக்கைக் கடிக்கிற மாதிரி.” அவர் பேனையால் தட்டினார். “அண்ணை, பாருங்கோ. மற்ற ஆறும் அந்த ஆளுக்கு வந்த கோபம். மீனுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுற சொல்லு இது ஒண்டுதான். வசனத்தைப் பாருங்கோ. கடைசித் துண்டு வரைக்கும் கசந்ததாம், முழுக்கக் கசந்ததாம்.”

“மூக்குச் சொல்லு?”

“ஒண்டும் இல்லை.”

“காறல் எண்டு, அழுகல் எண்டு, இங்கிலீஷில இருக்கோ?”

“இருக்கு. காறலுக்கு றான்சிட். அழுகலுக்குப் பியூற்றிட். பொதுவா நாத்தத்துக்கு ஃபவுல். இதில அப்பிடி ஒண்டுமே எழுதேல்லை.”

என் மூக்கில் பிழை இல்லை. முதலில் எனக்கு வந்தது அந்தச் சந்தோசம்தான். இரண்டாவதாக இன்னொரு சந்தோசம், காறலுக்கு அவர்களிடமும் ஒரு தனிச் சொல் இருப்பது. ரீச்சர் அதையும் தேடிப் பார்த்தார். மனதில் கனகாலம் வைத்திருக்கிற கோபத்துக்கு றாங்கர் என்று ஒரு சொல் இருக்கிறதாம், அதுவும் றான்சிட்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையாம். கடலைப் பார்க்காத எவரோ ஒருவர் அதை யோசித்திருக்கமாட்டார் என்று நினைத்தேன். எண்ணெயுள்ள மீனை வைத்துப் பழுதாக்கிய ஆளாகத்தான் இருக்கவேண்டும்.

“வெடுக்குக்கு என்ன ரீச்சர்?”

“மீன் மணம் எண்டுதான் சொல்லுவினம்.”

“எல்லா மீனுக்குமோ? சூடைக்கும் திருக்கைக்கும் ஒண்டோ?”

“ஓம் போல.”

“பாவம்,” என்றேன். அவர் அப்போதுதான் கேட்டார். “நீங்கள் இதுகளுக்கு என்னென்ன சொல்லு வைச்சிருக்கிறீங்கள்? எனக்கு எழுதித் தாங்கோ அண்ணை. பிள்ளையளுக்குக் காட்ட வேணும். மூக்கு, நாக்கு, வயிறு எண்டு பிரிச்சே தாங்கோ.” பஸ் வந்துவிட்டது. ஓடினார். நெத்தலியை மறந்துவிட்டார், நானா பின்னால் கொண்டு ஓடினார். அந்த இடைவெளியில் மன்னார்த் தெருவில் திரிகிற கழுதை ஒன்று வந்து அவர் உட்கார்ந்த கதிரைக்குக் கீழே கிடந்த மட்டைத் துண்டுகளைத் தின்னத் தொடங்கியது. என் மட்டையை எடுத்துச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

முழுக்கக் கசந்தது என்ற சொல் என்னை விடவில்லை. பித்து உடைந்தால் வயிற்றோரம்தான் கசக்கும். வாலில் கசக்காது. அந்த முறை காயவைத்ததில் இரண்டு கட்டு இன்னும் கடையில் இருந்தது. நானா தொழுகைக்குப் போன நேரம் ஒன்றை அவிழ்த்தேன். வயிற்றில் பச்சை இல்லை. கண்ணாடி போல இருந்தது. அவள் கை தவறவில்லை. வால் பக்கத்தில் ஒரு நாரைக் கிழித்து வாயில் போட்டேன். முதலில் உப்பு. கருவாடு உப்பாகத்தானே இருக்கும். பத்துவரை எண்ணுகிற நேரம் கழித்து, நாக்கின் அடியில், தொண்டைக்குக் கிட்ட ஒரு கசப்பு மெல்ல வந்து அப்படியே நின்றது. தண்ணீர் குடித்தும் போகவில்லை.

அது எனக்குத் தெரிந்த கசப்பு. புது உப்பின் கசப்பு.

எங்கள் பக்கத்தில் மீனுக்குப் புது உப்புப் போடமாட்டார்கள். பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் குவித்து, தென்னோலைக் கிடுகால் மூடி, ஒரு மாரி முழுக்க விடுவார்கள். ஈரக் காற்றில் அதிலுள்ள கசப்புத் தண்ணீர் வடிந்துபோகும். அப்படி மாரி கண்ட உப்புத்தான் கருவாட்டுக்கு. போன வருடம் காலம் தப்பிப் பெய்த மழையில் உப்பு விளைச்சல் கெட்டு, இருந்த பழைய உப்பும் எங்கும் தீர்ந்துவிட்டது. கடைகளில் சமையலுக்கே தட்டுப்பாடு. அந்த நேரத்தில் ஒருவர் ட்ரக்டரில் உப்புக் கொண்டுவந்து சந்தியில் விற்றார். நான்தான் போய் நாலு சாக்கு வாங்கினேன். சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். இது எந்தக் குவியல், எப்போது வாரியது என்று கேட்கவேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும். விற்கிறவருக்கு முன்னால் அப்படிச் செய்தால் அவரைச் சந்தேகப்படுவது போலாகிவிடும் என்று கூச்சப்பட்டேன். அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? சாக்கின் வாயை விரித்து மணந்து பார்த்தேன். எதை எடுத்தாலும் மணந்து பார்க்கிற ஆள் உப்பையும் மணந்து பார்த்தேன். உப்புக்கு என்ன மணம்? நல்லது என்று தூக்கி வந்தேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். “இது பழைய உப்போ?” நான் “ஓம்” என்றேன். கேட்காமல் வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஏழு சொற்களையும் ரீச்சரிடம் காட்டப்போகிறேன் என்று காலையில் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் அவள் கேட்டாள். “ரீச்சர் என்னவாம்?”

பிற்றர் என்றால் கசப்பு என்று சொன்னால் அடுத்த நிமிடமே உப்புச் சாக்கைத் திறந்து வாயில் வைத்துப் பார்ப்பாள். அவளுக்கு என்னைவிடக் கெட்டித்தனம். “எல்லாம் திட்டுத்தானாம்,” என்றேன்.

“ஏழு சொல்லுமோ?”

“ஓம்.”

அவள் திரும்பி அடுப்படிக்குப் போனாள். நான் சொன்ன இரண்டாவது ‘ஓம்’ அது.

சனியும் ஞாயிறும் இப்படியே போனது. யாருக்கும் தெரியவராது என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு கட்டையும் நானா மாட்டுக்கோ கோழிக்கோ கொடுத்துவிடுவார். இரண்டு மாதத்தில் வேறு நிற நூல் கட்டி அனுப்பலாம். எல்லாம் சரியாகிவிடும், மனைவி கை தவறினவள் என்பது மட்டும் அப்படியே நிற்கும். ஞாயிறு பூசைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பெண் அவளிடம், “கட்டா வெட்டுறதை விட்டிட்டியளாம், கண் பார்வை குறைஞ்சுபோச்சோ அக்கா?” என்று கேட்டாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். மனைவி அதற்கும் சிரித்தாள். பூசையில் நான் முழுக்க அந்தக் கத்தி இருந்த அலுமாரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் சாக்கிலிருந்து ஒரு பிடி உப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். நானாவைத் தனியாகப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். லொறி வந்திருந்தது. சாரதி, கட்டு ஏற்றுகிற இரண்டு பேர், கருவாடு வாங்க வந்த ஒருவர், நானா. பிறகு சொல்லலாம் என்று ஒருமுறை திரும்பியும் நடந்தேன். பிறகு என்றால் நான் சொல்லமாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

“நானா, கையை நீட்டுங்கோ.”

“என்ன, நேர்த்திக் கற்கண்டோ?”

“வாயில போடுங்கோ.”

அவர் ஒரு கல்லை வாயில் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. “உப்பு. அதுக்கென்ன?” என்றார். பிறகு முகம் மெல்ல மாறியது. வாசலுக்கு ஓடித் துப்பினார். தேத்தண்ணீரை எடுத்து வாய் கொப்பளித்தார்.

“அல்லாஹ்வே! இதையா மீனுக்குப் போட்டீங்க?”

“ஓம். புது உப்பு. பித்து உடையேல்லை, நானா. வாலிலயும் கசக்குது, பாருங்கோ.” என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “உப்பு நான்தான் வாங்கினனான். அவ கேட்டவ, பழசோ எண்டு. நான் ஓம் எண்டனான். அவவில ஒரு பிழையும் இல்லை.”

லொறிச் சாரதி, “நீ கதைப்பியோ அண்ணே? ரெண்டு வருசமா ஊமையெண்டுதானே நான் நினைச்சனான்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. இன்னும் துப்பிக்கொண்டிருந்தார்.

“மணந்து பாத்து வாங்கினாயோ?” என்று கேட்டார். எப்படித் தெரிந்ததோ.

“ஓம், நானா.”

அதற்குப் பிறகு அவரும் சிரித்தார். சுவரில் சாய்ந்து நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு போனை எடுத்து என் மனைவியின் நம்பருக்குப் பேசி அனுப்பினார். “தங்கச்சி, வெட்டில ஒரு பிழையும் இல்ல. உங்கட மனுசன்ட உப்பிலதான் பிழை. எனக்கு இன்னும் வாய் கசக்குது. நல்ல உப்பு நான் எடுத்துத் தாறன், நீங்க வெட்டுங்க.” லண்டன் கடைக்காரருக்கும் அப்படியே சொன்னார்.

நான் வீட்டுக்குப் போனபோது அவள் அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை. முடிந்ததும் திரும்பப் போட்டாள். மூன்றாவது முறையும் போட்டாள்.

“எல்லாருக்கும் முன்னாலயோ சொன்னனீங்கள்?”

“ஓம்.”

“எத்தினை பேர்?”

“அஞ்சு பேர். வாசலில ஒரு கழுதையும்.”

“ஏழு சொல்லும் திட்டு எண்டு சொன்னனீங்கள், வெள்ளிக்கிழமை.”

“ஆறுதான் திட்டு.”

அவள் போனைக் கீழே வைத்தாள். மட்டையைக் கேட்டாள். கொடுத்தேன். ரீச்சர் எழுதிய கழுத்து, வயிறு, தோல் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். “இதுக்குள்ள, உங்களில எனக்கு வந்ததுக்குச் சொல்லு எது?” என்று கேட்டாள்.

காறல் வேரிலிருந்து வந்த அந்தச் சொல்லைச் சொன்னேன், மனதில் வைத்திருக்கிற கோபம் என்று.

“இல்லை,” என்றாள். “மூண்டு நாளில காறல் வராது. எனக்கு வந்தது இஞ்ச.” தொண்டைக் குழியைத் தொட்டுக் காட்டினாள். “சொல்லவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. அதுக்கு இதில சொல்லு இல்லை. ரீச்சரிட்டக் கேளுங்கோ.” எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலிருந்த கத்தியை எடுத்து அதன் வழக்கமான இடத்தில் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டேன். ரீச்சர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார், போனிலும் தேடினார். கோபத்துக்கு இருக்கிறது, துக்கத்துக்கு இருக்கிறது, இரண்டும் சேர்ந்து தொண்டையில் நிற்பதற்குத் தனியாக ஒன்று இல்லையாம். தேடிச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் தேடுகிறார். நானும் தமிழில் தேடினேன். கடையில் கருவாட்டுக் கட்டுக் கட்டுகிற பெண்களிடமும் கேட்டேன், கூச்சத்தை விட்டு. ஆளுக்கொன்று சொன்னார்கள். எதையும் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

மீதி மூன்று சாக்கையும் எறியவில்லை. கொல்லையில் கட்டைக்கு மேல் அடுக்கிக் கிடுகு போட்டு மூடினேன். மாரி முழுக்க அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. இன்று காலையில் ஒரு சாக்கைத் திறந்து, மணந்து பார்க்காமல், ஒரு கல்லை நாக்கில் வைத்தேன். மனைவி பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துவரை எண்ணினேன். பிறகு இருபதுவரை. “என்ன?” என்றாள். “உப்பு,” என்றேன். அவளும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

ரீச்சர், நீங்கள் கேட்ட பட்டியல் இதற்குப் பின்னால் தனித் தாளில் இருக்கிறது. மூக்குக்குப் பதினொன்று, நாக்குக்கு ஐந்து, வயிற்றுக்கு மூன்று. தொண்டைக்கு நேரே வெற்றாக விட்டிருக்கிறேன். கிடைத்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், மனைவியிடம் ஒருமுறை காட்டிவிட்டு.

2026ஆம் ஆண்டு தை மாதம் 22ஆம் திகதி, வியாழக்கிழமை.